தொட்டியைப் பார்த்து விலை சொல்: அமெரிக்கப் பண்ணைகளின் பழைய புரோப்பேன் டிராக்டர்கள்

டெக்சாஸ், ஓக்லஹோமா, கான்சாஸ் பக்கம் பண்ணை ஏலம் நடக்கும் இடங்களில் வரிசையாகப் பழைய டிராக்டர்களை நிறுத்தியிருப்பார்கள். அதில் ஒன்று மட்டும் உப்பிய உருளைத் தொட்டி ஒன்றைத் தலையில் சுமந்து நிற்கும். டயர் நன்றாக இருக்கும், வர்ணம்கூடப் பெரிதாக வெளுத்திருக்காது. ஆனால் பக்கத்தில் வந்து பார்ப்பவர், "ஓ, எல்.பி.யா" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடுவார். அதே ஏலத்துக்கு இந்த ஒரு வண்டிக்காகவே நெடுந்தூரம் ஓட்டி வந்தவரும் இருக்கலாம். ஒரே இரும்பு ஒருவருக்குத் தலைவலியாகவும் இன்னொருவருக்குப் புதையலாகவும் தெரிவதற்குக் காரணம் எஞ்சினில் இல்லை, எரிபொருளில் இருக்கிறது.

எல்.பி. என்றால் திரவமாக்கிய பெட்ரோலிய வாயு. நம் சமையலறைச் சிலிண்டரில் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கும். அமெரிக்காவில் எஞ்சினுக்கு விற்கும் எச்.டி.-5 ரகத்தில் குறைந்தது 90 சதவீதம் புரோப்பேன். சாதாரண காற்றழுத்தத்தில் புரோப்பேன் கழித்தல் 42 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதனால் அதை அழுத்தத்தில் அடைத்துத்தான் திரவமாக வைத்திருக்க முடியும். 21 டிகிரி வெயிலில் தொட்டிக்குள் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 110 பவுண்டு அழுத்தம் இருக்கும். கார் டயரில் 30 சொச்சம்தான். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் வரப்போகும் முக்கால்வாசிச் சிக்கல் தானாகவே புரிந்துவிடும்.

இந்த வாயுவைத் தேடிப் போய் யாரும் கிணறு தோண்டவில்லை. 1910 வாக்கில் வால்டர் ஸ்னெல்லிங் என்ற வேதியியலாளர், பெட்ரோலிலிருந்து வீணாக ஆவியாகிப் போகும் பகுதி என்ன என்று ஆராய்ந்தபோது கண்டுபிடித்தது இது. எண்ணெய்க் கிணறுகளிலும் சுத்திகரிப்பு ஆலைகளிலும் உபரியாக வந்தது. ஆகவே எண்ணெய் வயல்களுக்குப் பக்கத்தில் மலிவாகக் கிடைத்தது. டெக்சாஸும் ஓக்லஹோமாவும் லூயிசியானாவும் அப்படிப்பட்ட இடங்கள். வீட்டுக்குச் சூடேற்ற, பாசனப் பம்பு ஓட்ட, தானியம் உலர்த்த என்று ஏற்கெனவே பண்ணை முற்றத்தில் பெரிய புரோப்பேன் தொட்டி ஒன்று இருக்கும். அதே தொட்டியிலிருந்து டிராக்டருக்கும் பிடித்துக்கொண்டால் என்ன?

மினியாபொலிஸ்-மோலைன் நிறுவனம் 1941-இல் தன் யு ரக டிராக்டரை ஆலையிலேயே எல்.பி.க்குத் தயார் செய்து விற்றது. ஐம்பதுகளில் ஜான் டியர், இன்டர்நேஷனல், கேஸ், ஆலிவர், ஆலிஸ்-சால்மர்ஸ் எல்லோரும் தொடர்ந்தார்கள். அறுபதுகளின் நடுவில் ஒரு விவசாயி கடைக்குப் போனால், ஒரே மாடலைப் பெட்ரோலிலா டீசலிலா எல்.பி.யிலா எதில் வேண்டும் என்று கேட்பார்கள்.

எஞ்சினுக்கு இது நல்ல தீனி. ஆக்டேன் எண் 100-க்கு மேல், அதனால் அழுத்த விகிதத்தை, அதாவது பிஸ்டன் கலவையை அமுக்கும் அளவை, கூட்டினாலும் 'நாக்' அடிக்காது; கலவை தாறுமாறாக வெடித்து எஞ்சின் தட்டுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஆவியாகவே சிலிண்டருக்குள் போவதால் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடாது. கரியும் அதிகம் படியாது. பல நூறு மணி நேரம் ஓடிய எல்.பி. எஞ்சினின் ஆயிலைக் குச்சியில் எடுத்துப் பார்த்தால் தேன் நிறத்தில் இருக்கும். இதில் ஒரு ஏமாற்றும் உண்டு. ஆயில் சுத்தமாக இருக்கிறது என்பதை வைத்து எஞ்சின் நன்றாக இருக்கிறது என்றோ, போன வாரம்தான் ஆயில் மாற்றினார்கள் என்றோ முடிவு கட்டக் கூடாது. டீசலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிதாகத் தெரியும்.

அப்புறம் ஏன் இது தோற்றது? கணக்கில்தான் தோற்றது. ஒரு அமெரிக்கக் கேலன், அதாவது 3.785 லிட்டர் புரோப்பேனில் சுமார் 91,500 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் இருக்கிறது. அதே அளவு டீசலில் 1,37,000-க்கு மேல். பெட்ரோல் நடுவில். அதிக அழுத்த விகிதம் இந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டும், முழுதாக அல்ல.

இதை ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை, அளந்தே வைத்திருக்கிறார்கள். நெப்ராஸ்கா மாநிலத்தில் வில்மட் குரோசியர் என்ற விவசாயி ஒரு டிராக்டர் வாங்கி நொந்துபோனார். 'ஃபோர்டு' என்று பெயர் போட்டிருந்தது. ஹென்றி ஃபோர்டுக்கும் அந்த வண்டிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. குரோசியர் பிறகு சட்டமன்ற உறுப்பினரானார். அவர் கொண்டுவந்த மசோதா 1919-இல் சட்டமானது: பரிசோதனையில் தேறாத டிராக்டரை மாநிலத்தில் விற்கக் கூடாது. 1920 முதல் லிங்கன் நகரில் அந்தச் சோதனை நடக்கிறது. ஒரே மாடலின் மூன்று எரிபொருள் வடிவங்களையும் தனித்தனியாகச் சோதித்த அறிக்கைகள் பல இருக்கின்றன. பழைய டிராக்டர் வாங்குபவருக்கு அதைவிட நல்ல துணை கிடையாது.

ஐம்பது அறுபதுகளின் அறிக்கைகளைப் புரட்டினால் உத்தேசமாக ஒரு கணக்குக் கிடைக்கும். ஒரு கேலனுக்கு டீசல் 15 குதிரைத்திறன்-மணி (ஒரு குதிரைத்திறனில் ஒரு மணி நேரம் செய்யும் வேலை ஒரு குதிரைத்திறன்-மணி) வேலை கொடுத்தால், பெட்ரோல் 12, புரோப்பேன் 9-இலிருந்து 10 வரை. இப்படிப் பாருங்கள்: 60 குதிரைத்திறன் சராசரிப் பளுவில் 100 மணி நேரம் உழுதால் 6,000 குதிரைத்திறன்-மணி. அதற்கு டீசல் 400 கேலன், பெட்ரோல் 500, புரோப்பேன் 630 கேலன் போல ஆகும். ஆகவே புரோப்பேன் விலை டீசல் விலையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் கீழே இருந்தால்தான் இரண்டும் சமம். அமெரிக்க விவசாயிக்குச் சாலை வரி இல்லாத, சிவப்புச் சாயம் கலந்த டீசல் கிடைக்கிறது. ஒப்பிடும்போது அந்த விலையைத்தான் எடுக்க வேண்டும். பங்க் விலையோடு ஒப்பிட்டால் கணக்குப் பொய்த்துவிடும். புரோப்பேன் விலையும் ஆண்டு முழுக்க ஒரே மாதிரி நிற்பதில்லை. குளிர்காலத்தில் ஏறும், மழையில் நனைந்த மக்காச்சோளத்தை உலர்த்த எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கும் இலையுதிர் காலத்திலும் ஏறும். விவரம் தெரிந்தவர்கள் கோடையிலேயே வாங்கி நிரப்பிவிடுவார்கள்.

எழுபதுகளில் டர்போ டீசல்கள் பரவின. குதிரைத்திறன் நூறைத் தாண்டி ஓடியது. 1973 எண்ணெய் நெருக்கடியோடு மலிவு எரிபொருள் என்ற பெயரும் போயிற்று. எல்.பி. டிராக்டர்கள் விலைப் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போயின.

சரி, இன்று ஒன்று விற்பனைக்கு நிற்கிறது. என்ன விலை சொல்லலாம்?

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் விலை பேசுபவர் கிடையாது. எல்.பி. டிராக்டருக்குப் பல் அதன் தொட்டி. எஞ்சினைக் கிளப்பிக் காட்டச் சொல்வதற்கு முன்பே தொட்டியில் பதித்த தகட்டைத் தேடுங்கள். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் விதிப்படி கட்டப்பட்டது என்ற முத்திரை, கொள்ளளவு, தாங்கும் அழுத்தம், வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். நம் வீட்டுச் சிலிண்டரைப் போல குறிப்பிட்ட ஆண்டுக்கு ஒருமுறை மறுசோதனைக்கு அனுப்பும் முறை இந்த வகைத் தொட்டிக்கு இல்லை. அதற்காக எப்படியும் இருக்கலாம் என்று பொருள் அல்ல. தகடு காணாமல் போயிருந்தாலோ, படிக்க முடியாதபடி துருப்பிடித்திருந்தாலோ எரிவாயு வியாபாரி நிரப்ப மறுக்கலாம்; மறுத்தால் அவர் மேல் தப்பில்லை. நிரப்ப முடியாத தொட்டியோடு நிற்கும் எல்.பி. டிராக்டர் ஓடாத டிராக்டர்தான், எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. வர்ணம் பூசும்போது தகட்டின் மேலேயே பூசிவிடும் புண்ணியவான்களும் உண்டு. சுரண்டிப் பார்த்தால் எழுத்துத் தெரிந்துவிடும், நல்ல நேரம்.

தகட்டுக்குப் பிறகு தொட்டியின் அடிப்பக்கம். பட்டை சுற்றிப் பிடித்திருக்கும் இடத்திலும் தாங்கியில் உட்காரும் இடத்திலும் ஈரம் தங்கித் துரு தின்னும். மேலே பளபளவென்று இருக்கும், கீழே விரல் நகத்தால் செதில் பெயர்க்கலாம். ஆழமான நெளிவு, யாரோ பற்றவைத்த தழும்பு இவை இரண்டில் எதைக் கண்டாலும் அந்தத் தொட்டிக்கு மதிப்புப் பூஜ்யம் என்றே எழுதிக்கொள்ளுங்கள். அழுத்தக் கலனில் உள்ளூர்ப் பட்டறை வெல்டிங் செல்லாது. அதே அளவு, அதே வளைவில் மாற்றுத் தொட்டி கிடைப்பது சிரமம், ஏனென்றால் ஹூட்டே, அதாவது எஞ்சின் மேல்மூடியே, தொட்டிக்கு ஏற்றபடி வெட்டியிருக்கும்.

வால்வுகள் வரிசையாக இருக்கும். அழுத்தம் கூடினால் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வுக்கு மழைமூடி இருக்கிறதா? அது இல்லாமல் பத்து வருடம் மழையில் நின்ற வால்வுக்குள் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது, குளவிக் கூடுகூட இருக்கலாம். திரவ மட்டம் 80 சதவீதத்தைத் தொட்டதும் வெண்புகைபோலச் சீறிக் காட்டும் சிறு திருகு வேலை செய்கிறதா? சூட்டில் புரோப்பேன் நன்றாக விரியும், அதனால் மீதி 20 சதவீதத்தைக் காலியாக விட்டே ஆகவேண்டும். குழாய் வெடித்தால் தானே அடைத்துக்கொள்ளும் வால்வு இருக்கிறதா? இவை எல்லாவற்றையும் புதிதாகப் போடலாம், பொருள் சந்தையில் கிடைக்கிறது. ஆனால் காலித் தொட்டியில், தெரிந்தவர் கையால் செய்ய வேண்டிய வேலை. அந்தச் செலவை விலையிலிருந்து கழித்துத்தான் பேச வேண்டும்.

இனி எரிபொருள் போகும் வழி. வீட்டுச் சிலிண்டர் ஆவியை மட்டும் மேலிருந்து தருகிறது. டிராக்டருக்கு அது போதாது. பளு ஏறும்போது திரவமாகவே இழுத்து, எஞ்சின் சூட்டில் ஆவியாக்கிக் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் 'கன்வெர்ட்டர்' என்று ஒரு பெட்டி, உள்ளே ரேடியேட்டர் வெந்நீர் சுற்றி ஓடும். தொட்டியில் இரண்டு குழாய் இருக்கும், ஒன்று ஆவிக்கு, ஒன்று திரவத்துக்கு. குளிர்ந்த எஞ்சினை ஆவியில் கிளப்பி, வெந்நீர் சூடேறிய பிறகு திரவத்துக்கு மாற்றுவார்கள். விற்பவர் இதை எப்படிச் செய்கிறார் என்று பேசாமல் நின்று கவனியுங்கள். கை தடுமாறாமல் முறையாகச் செய்தால், அந்த வண்டியோடு பழகியவர் என்று அர்த்தம். எடுத்த எடுப்பிலேயே திரவக் குழாயைத் திறக்கிறார் என்றால் சந்தேகப்படலாம்.

எஞ்சின் சூடான பிறகும் கன்வெர்ட்டர்மேல் வெண்பனி படிந்தால், உள்ளே வெந்நீர் சரியாக ஓடவில்லை. ரேடியேட்டரில் நீர் குறைவாக இருக்கலாம், அல்லது வழி அடைத்திருக்கலாம். மெதுவாக ஓடும்போது திணறினால் உள்ளே இருக்கும் ரப்பர்ச் சவ்வு காய்ந்து விறைத்திருக்க வாய்ப்பு அதிகம். என்சைன், செஞ்சுரி என்ற பெயர்கள்தான் பழைய கருவிகளில் நிறையத் தென்படும்; இவற்றுக்குச் சவ்வும் வாஷரும் அடங்கிய பழுதுபார்ப்புத் தொகுப்பு கிடைக்கும். எனக்கு இந்தக் கோளாறுகள் பெரிய பயம் தருவதில்லை. பயப்பட வேண்டியது அடுத்து வருவது.

அதாவது, மாற்றம். தென் மாநிலங்களில் பெட்ரோல் டிராக்டரை வாங்கி எல்.பி.க்கு மாற்றியவர்கள் பல பேர். பிற்பாடு புரோப்பேன் சலித்து, எல்.பி. டிராக்டரைப் பெட்ரோலுக்கு மாற்றியவர்களும் உண்டு. இரண்டாவது வகையில்தான் விலை சரியாகப் புரியாது. ஆலை எல்.பி. எஞ்சினுக்கு உயர் அழுத்தப் பிஸ்டன் இருக்கும். பெட்ரோல் எஞ்சினில் கலவையைச் சூடாக்கித் தரும் உள்ளிழுப்புக் குழாய் அமைப்பு இதில் இருக்காது, ஏனென்றால் புரோப்பேனுக்கு அது தேவையில்லை. தொட்டியைக் கழற்றிவிட்டு, ஒரு பெட்ரோல் கார்பரேட்டரை மட்டும் மாட்டினால் குளிரில் இருமும், பளுவில் 'நாக்' அடிக்கும். முறையாக மாற்ற வேண்டுமென்றால் பிஸ்டன், உள்ளிழுப்புக் குழாய், பெட்ரோல் தொட்டி, ஹூட் என்று போய்க்கொண்டே இருக்கும். அரைகுறையாக மாற்றிய வண்டி உழவுக்கும் உதவாது, சேகரிப்புக்கும் ஆகாது. அதை நான் உதிரிபாக விலைக்கு மேல் கணக்கிட மாட்டேன்.

பெட்ரோலிலிருந்து எல்.பி.க்குப் போனதில் வேறொரு சிக்கல். ஈயம் கலந்த பெட்ரோல் தந்த பாதுகாப்பு இல்லாமல், வறண்ட வாயுவில் வெப்பமாக ஓடும்போது சாதாரண வால்வு இருக்கை, அதாவது வால்வு மூடும்போது உட்காரும் விளிம்பு, மெல்ல மெல்லத் தேய்ந்து உள்வாங்கும். ஆலை எல்.பி. எஞ்சின்களில் கெட்டியான இருக்கை போட்டிருப்பார்கள். மாற்றிய வண்டியை எஞ்சின் சிலிண்டர்களின் அழுத்தத்தைச் சோதிக்காமல் வாங்கக் கூடாது.

யார் வாங்குகிறார் என்பதற்கு இப்போதுதான் வருகிறோம். உழவுக்கென்று தேடும் விவசாயிக்கு டீசல் வேண்டும், எல்.பி.யைக் கொடுத்தால் அதே மாடலின் பெட்ரோல் வண்டி விலைக்கும் கீழே கேட்பார். அவர் பார்வையில் அது நியாயம். ஆனால் முற்றத்தில் ஏற்கெனவே பெரிய புரோப்பேன் தொட்டியும் அதிலிருந்து திரவம் பிடிக்கும் பம்பும் வைத்திருப்பவர் கதை வேறு. வருடத்துக்கு இருபது முப்பது மணி நேரம் புல் வெட்டவும் பனி தள்ளவும் தானியத்தை மேலேற்றும் திருகுக் குழாயான ஆகரை ஓட்டவும் ஒரு வண்டி வேண்டுமென்றால், கேலன் கணக்கு அவருக்குப் பெரிதே இல்லை. அவருக்குத் தேவை, எட்டு மாதம் சும்மா நின்றாலும் கிளம்புகிற வண்டி. எத்தனால் கலந்த பெட்ரோல் தொட்டியிலேயே கெட்டுப்போய்க் கார்பரேட்டரை அடைக்கும். புரோப்பேன் எத்தனை வருடம் கிடந்தாலும் கெடாது. சந்தையில் இந்த ஒரு குணத்துக்கு யாரும் சரியாக விலை கொடுப்பதில்லை என்பது என் எண்ணம்.

மூன்றாமவர் சேகரிப்பாளர். அவர் எண்ணிக்கையைப் பார்க்கிறார். எல்.பி. குறைவாகவே கட்டப்பட்டது, அதிலும் பல மாற்றப்பட்டுவிட்டன; கலையாமல் மிஞ்சியது கொஞ்சம். அதிலும் கரும்பு, காய்கறி வயல்களுக்கென்று உயரமாகக் கட்டிய 'ஹை-கிராப்' உடலில் எல்.பி. எஞ்சின் என்றால் அவர் தூக்கம் போய்விடும். அவர் பணம் தருவது அசல் தொட்டிக்கும், அசல் ஹூட்டுக்கும், கன்வெர்ட்டரில் இருக்கும் சரியான பெயர்த் தகட்டுக்கும். வரிசை எண்ணை ஆலைப் பதிவோடு ஒப்பிட்டு, எல்.பி.யாகவே பிறந்தது என்று உறுதி செய்ய முடிந்த வண்டிக்கு ஒரு விலை, முடியாததற்கு வேறு விலை.

ஜான் டியர் 4020-ஐ எடுத்துக்கொண்டால் இந்த மூன்று விலையும் ஒரே வண்டியில் தெரியும். 1960 ஆகஸ்டில் டல்லஸ் நகரில் பெரிய விழா எடுத்து அறிமுகம் செய்த 4010-இன் தம்பி இது. 1963 கடைசியில் வந்து 1972 வரை அயோவாவின் வாட்டர்லூ ஆலையில் தயாரானது. டீசல் எஞ்சின் 404 கன அங்குலம்; பெட்ரோலுக்கும் எல்.பி.க்கும் ஆரம்ப வருடங்களில் 340. சக்தி மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான், தொண்ணூறை ஒட்டிய குதிரைத்திறன். அப்படியிருந்தும் இன்றும் உழவுக்குத் தேடப்படுவது டீசல் 4020 மட்டுமே. எல்.பி. வண்டியில் டீசல் எஞ்சினைத் தூக்கி வைத்து விற்றவர்கள்கூட உண்டு. ஆனால் கியர்பெட்டி, ஹைட்ராலிக், பின் அச்சு, இணைத்த கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு எல்லாம் டீசல் வண்டிக்கும் பொருந்தும் என்பதால், எல்.பி. 4020 எவ்வளவு மோசமாக இருந்தாலும் பேரீச்சம்பழத்துக்குப் போகாது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்ற கணக்கு. இந்த உதிரிபாக மதிப்புதான் பேரத்தின் தரை, அதற்குக் கீழே விற்பவர் போகத் தேவையில்லை. அதிகம் விற்காத ஒரு மாடல் என்றால் இந்தத் தரை பழைய இரும்பு விலைவரை இறங்கிவிடும்.

ஆகவே நான் தொடங்கும் இடம், அதே மாடல், அதே நிலையில் இருக்கும் பெட்ரோல் வண்டி அந்த வட்டாரத்தில் கடைசியாக ஏலம் போன விலை. டீசல் விலையை வைத்துத் தொடங்குவது விற்பவரின் ஆசை. தொட்டியும் வால்வும் சரியாக இருந்து, பக்கத்தில் நிரப்பித் தர ஆளும் இருந்தால் அதிலிருந்து கொஞ்சம்தான் குறைப்பேன். தொட்டிக்கு வேலை இருந்தால் அந்த முழுச் செலவும் கழியும். நிரப்ப ஆள் இல்லையென்றால் உதிரிபாக விலை. அசல் என்று நிரூபிக்க முடிந்து, அரிய உடலாகவும் இருந்தால் இந்தக் கணக்கை மூடி வைத்துவிட்டுச் சேகரிப்பாளர்களின் ஏலத்தைப் பார்க்க வேண்டும். டயர், பிரேக், ஸ்டியரிங் கசிவு இதெல்லாம் எந்தப் பழைய டிராக்டருக்கும் உள்ளதே. பின் டயரில் எடைக்காகக் கால்சியம் குளோரைடு உப்பு நீர் நிரப்பியிருந்தால் மட்டும், துரு தின்றிருக்கிறதா என்று ரிம்மைக் குனிந்து பாருங்கள்.

விற்பவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால், "கடைசியாக எப்போது நிரப்பினீர்கள், யார் நிரப்பினார்கள்?" என்று கேட்பேன். போன மாதம், இந்த ஊர் வியாபாரி என்று பெயர் சொன்னால், அந்த வியாபாரிக்கே ஒரு போன் போட்டு அடுத்த முறையும் நிரப்புவாரா என்று விசாரிக்கலாம். தானே பண்ணைத் தொட்டியிலிருந்து பிடித்தேன் என்றால் வண்டி ஓடுகிறது, ஆனால் வெளியாள் கண் தொட்டியில் பட்டு வருடக்கணக்காகிறது. "அப்பா காலத்தில் நிரப்பியது, இன்னும் பாதி இருக்கிறது" என்று அளவுமானியின் முள்ளைக் காட்டினால், முதலில் அந்த முள் அசைகிறதா என்று பார்க்க வேண்டும்.